வாசல் ஒன்று, அறைகள் பல: விம் செட்டிங்ஸ் ஃபைல்களைக் கட்டி மேய்ப்பது எப்படி?



டெர்மினலில் விம் எடிட்டர் யூஸ் பண்றவங்களுக்கான பாடம் இது. "எனக்கு விம்மை விட்டு வெளியே வரவே தெரியாது" என்பவர்களும் கடைசிவரை படிக்கலாம். வேற எடிட்டர்களுக்கும் ஒரு பகுதி இருக்கு. ஒரு சின்னக் குறிப்பு: கட்டளைகளையும் ஃபைல் பெயர்களையும் உச்சரிப்புப்படி தமிழில் எழுதியிருக்கேன். கீபோர்டில் அடிக்கும்போது அவற்றை ஆங்கில எழுத்தில் அடிங்க. புள்ளி, கோடு, கேள்விக்குறி எல்லாம் இங்கே இருக்கிறபடியே.

அந்த ராத்திரி நடந்தது

மூன்றாம் ஆண்டு மினி ப்ராஜெக்ட். மறுநாள் காலை ஒன்பதரை மணிக்கு ரிவ்யூ. மூணு பேர் டீம். சென்சார் கோடு ஒரு டீம்மேட்டோட வேலை, ரிப்போர்ட் இன்னொருத்தரோடது, எல்லாத்தையும் சேர்த்து பில்ட் பண்றது என் வேலை. சென்சார் கோடு ராத்திரி பதினொரு மணிக்கு என் கைக்கு வந்துடுச்சு. மேக்ஃபைலில் ஒரே ஒரு புது விதி சேர்த்து, பில்ட் பண்ணி, போர்டில் ஏற்றி டெஸ்ட் பண்ணணும். அரை மணி நேர வேலை.

விதியை எழுதி 'மேக்' கொடுத்தேன். 'மிஸ்ஸிங் செப்பரேட்டர், ஸ்டாப்' என்று ஒரு எரர்.

காரணம் என்னன்னு எனக்குத் தெரியும். மேக்ஃபைலில் கட்டளை வரி டேப் எழுத்தில்தான் தொடங்கணும். ஸ்பேஸ் வைத்தால் மேக் ஏற்காது. 1976-ல் பெல் லேப்ஸில் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மேன் மேக்கை எழுதியபோது வந்த விதி, இன்னிக்கும் அப்படியே இருக்கு. என் விம், டேப் கீயை அழுத்தினால் நாலு ஸ்பேஸ் போட்டுக்கொண்டிருந்தது. எட்டு ஸ்பேஸாக இருந்திருந்தால் க்னூ மேக்காவது "டேப் போட நினைத்தாயா?" என்று சேர்த்துக் கேட்டிருக்கும். நாலு ஸ்பேஸுக்கு அந்த உதவியும் இல்லை.

சரி, செட்டிங்கை மாற்றிடலாம்னு ~/.விம்/விம்ஆர்சி ஃபைலைத் திறந்து 'செட் நோஎக்ஸ்பேண்ட்டேப்' என்று சேர்த்தேன். விம்மை மூடித் திறந்தேன். மறுபடியும் ஸ்பேஸ். வரியை மேலே நகர்த்தினேன், கீழே நகர்த்தினேன். ஸ்பேஸ்தான். மணி ஒன்றரைக்கு விம்மையே அன்இன்ஸ்டால் பண்ணி மறுபடி இன்ஸ்டால் பண்ணினேன். ஸ்பேஸ்!

தூக்கத்தில் எழுந்த ரூம்மேட் எட்டிப் பார்த்துட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டான்: "மச்சி, நீ எடிட் பண்ற ஃபைலைத்தான் விம் படிக்குதா?"

படிக்கவே இல்லை. ரெண்டு வாரம் முன்னாடி ஒரு சீனியர் அண்ணா கிட்டேருந்து அவரோட விம்ஆர்சியை வாங்கி, ஹோம் ஃபோல்டரில் ~/.விம்ஆர்சி என்று போட்டிருந்தேன். அது இருக்கிறவரை, ~/.விம்/ ஃபோல்டருக்குள் இருக்கிற என் பழைய ஃபைலை விம் தொடவே தொடாது. அன்இன்ஸ்டால் பண்ணியும் ஏன் சரியாகலைன்னா, பேக்கேஜ் மேனேஜர் நம்ம ஹோம் ஃபோல்டரில் கை வைக்காது.

மூணு மணிக்கு பில்ட் ஆச்சு. போர்டில் முழுசா டெஸ்ட் பண்ண நேரம் இல்லை. காலையில் டெமோவில் சென்சார் ரீடிங் வரலை. ஒரு பின் நம்பர் மாறியிருந்தது. பத்து நிமிஷம் டெஸ்ட் பண்ணியிருந்தால் பிடிச்சிருக்கலாம். ரீ-ரிவ்யூ போட்டாங்க. சென்சார் கோடு எழுதின டீம்மேட் எல்லாத்தையும் நேரத்துக்கு முடிச்சுக் கொடுத்திருந்தாங்க. அவங்க உழைப்புக்கான மார்க், என் எடிட்டர் குழப்பத்தில் போச்சு. அதுக்கப்புறம் உட்கார்ந்து படிச்சதுதான் இந்தப் பாடம்.

விம் எழுந்திருக்கும்போது என்ன செய்யுது?

முதலில் பெயர். 'விம்ஆர்சி' என்பதில் வரும் 'ஆர்சி', 1960களில் எம்ஐடியின் சிடிஎஸ்எஸ் சிஸ்டத்தில் இருந்த 'ரன்காம்' என்ற வசதியிலிருந்து வந்தது. ரன் கமாண்ட்ஸ், அதாவது தொடக்கத்தில் ஓட்ட வேண்டிய கட்டளைகளின் பட்டியல். இதை மனசுல வெச்சுக்கோங்க: செட்டிங்ஸ் ஃபைல் ஒரு படிவம் மாதிரி இல்லை, மேலிருந்து கீழாக ஓடுகிற ப்ரோக்ராம். ஒரே ஆப்ஷனை ரெண்டு இடத்தில் செட் பண்ணினால், கடைசியாக ஓடியது ஜெயிக்கும்.

லினக்ஸில் விம் ஸ்டார்ட் ஆகும்போது நடப்பது சுருக்கமாக இது:

1. மெஷினில் எல்லாருக்கும் பொதுவான விம்ஆர்சி. உபுண்டு, டெபியனில் இது /ஈடிசி/விம்/ ஃபோல்டரில் இருக்கும்.

2. உங்களோட சொந்த ஃபைல். முதலில் ~/.விம்ஆர்சி இருக்கான்னு பார்க்கும். இல்லைன்னா ~/.விம்/விம்ஆர்சி. புது வெர்ஷன்களில் அதுவும் இல்லைன்னா ~/.கான்ஃபிக்/விம்/விம்ஆர்சி. முதலில் கிடைப்பதை மட்டும் எடுத்துக்கும். மற்றவை இருந்தாலும் ஒரு வார்னிங் கூடக் கொடுக்காது.

3. சொந்த ஃபைல் எதுவுமே இல்லைன்னா, 'டிஃபால்ட்ஸ்.விம்' என்ற ஃபைலை எடுத்துக்கும். விம் 8.0-ல், 2016-ல் வந்தது இது. கலர், ஃபைல் வகையைக் கண்டுபிடிப்பது மாதிரியான அடிப்படை வசதிகளை ஆன் பண்ணும்.

4. கடைசியாக ~/.விம்/ப்ளகின்/ ஃபோல்டரில் இருக்கிற ஸ்க்ரிப்ட்டுகள்.

மூன்றாவது படியில்தான் பலரும் விழறாங்க. விம்ஆர்சியே இல்லாத புது மெஷினில் மேக்ஃபைல் திறந்தால் டேப் சரியாக வரும். ஏன்னா டிஃபால்ட்ஸ்.விம், ஃபைல்டைப் ப்ளகினை ஆன் பண்ணியிருக்கும். விம்மோடு வருகிற மேக்ஃபைல் செட்டிங், ஸ்பேஸை ஆஃப் பண்ணிடும். நீங்க ஒரே ஒரு வரியோட ஒரு விம்ஆர்சி உருவாக்கினாலும் போதும், டிஃபால்ட்ஸ்.விம் மொத்தமாக விலகிடும். "ஒரு செட்டிங்தான் சேர்த்தேன், எல்லாமே மாறிடுச்சு" என்று புலம்புவது இதனால்தான். அந்த அண்ணாவோட ஃபைலிலும் ஃபைல்டைப் ப்ளகின் வரி இல்லை. அவர் பைத்தான் மட்டும்தான் எழுதுவார், அவருக்கு அது தேவைப்படலை.

தீர்வு சுலபம். உங்க விம்ஆர்சியின் முதல் வரியிலேயே அந்த ஃபைலை நீங்களே கூப்பிட்டுடுங்க:

சோர்ஸ் $விம்ரன்டைம்/டிஃபால்ட்ஸ்.விம்

இதில் டாலர் குறிக்குப் பின்னால் வருவது முழுக்கப் பெரிய எழுத்தில்.

எதையும் மாற்றும் முன் கேட்க வேண்டிய நாலு கேள்விகள்

அன்னிக்கு ராத்திரி நான் ஃபைலை மாற்றிக்கொண்டே இருந்தேன். விம்மிடம் ஒரு கேள்வி கூடக் கேட்கலை. கேட்டிருந்தால் அரை நிமிஷத்தில் பதில் வந்திருக்கும்.

கேள்வி 1: தப்பு என் செட்டிங்கிலா, வேற எங்கேயாவதா?

விம் --க்ளீன் மேக்ஃபைல்

இப்படித் திறந்தால் உங்க விம்ஆர்சி, உங்க ப்ளகின் எதுவும் இல்லாமல் சுத்தமாகத் திறக்கும். இதில் பிரச்சினை போயிட்டா, குற்றவாளி உங்க ஃபைல்களில்தான் இருக்கு. அவசர வேலையை இப்படியே முடிச்சுட்டுக் கூடப் போகலாம்.

கேள்வி 2: என் ஃபைல் என்று நீ எதை எடுத்துக்கிட்ட?

:எக்கோ $மைவிம்ஆர்சி

டாலருக்குப் பின்னால் இதுவும் பெரிய எழுத்தில். விம் தேர்ந்தெடுத்த ஒரே ஃபைலின் பாதையைக் காட்டும். நீங்க எடிட் பண்ற ஃபைலும் இதுவும் ஒண்ணா என்று பாருங்க.

கேள்வி 3: மொத்தம் எதையெல்லாம் ஓட்டின?

:ஸ்க்ரிப்ட்நேம்ஸ்

ஓடிய எல்லா ஃபைலும் ஓடிய வரிசையில் நம்பரோட வரும். ஒரு ஃபைல் இந்தப் பட்டியலில் இல்லைன்னா, அதுக்குள்ளே என்ன எழுதியிருந்தாலும் அர்த்தம் இல்லை.

கேள்வி 4: இந்த ஆப்ஷனைக் கடைசியாக யார் மாற்றினது?

:வெர்போஸ் செட் எக்ஸ்பேண்ட்டேப்?

இதுதான் நாலில் பெரிய ஆயுதம். ஆப்ஷனோட மதிப்பைச் சொல்லி, அதைக் கடைசியாக செட் பண்ணின ஃபைலையும் சொல்லும். இப்போதைய வெர்ஷன்களில் வரி எண்ணும் வரும். முடிவில் கேள்விக்குறி முக்கியம். அது இல்லாமல் அடித்தால் கேட்பதற்குப் பதிலாக ஆன் பண்ணிடுவீங்க!

போனஸாக ஒண்ணு: இன்சர்ட் மோடில் கன்ட்ரோலும் வி-யும் சேர்த்து அழுத்திட்டு டேப் அழுத்தினால், செட்டிங் எதுவாக இருந்தாலும் உண்மையான டேப் எழுத்து விழும். இது ஒண்ணு தெரிஞ்சிருந்தாலே அந்த ரிவ்யூ தப்பிச்சிருக்கும்.

ஒரு வாசல் வைப்போம்

இத்தனைக்கும் பிறகு, "அப்போ எல்லாத்தையும் ஒரே ஃபைலில் போட்டுடலாமே?" என்று தோணும். ஐம்பது வரி வரை அது சரி. முன்னூறு வரி தாண்டினால் எது எங்கே இருக்குன்னு உங்களுக்கே தெரியாது. ஃபைல்கள் பல இருப்பதில் தப்பில்லை. வீட்டுக்கு எத்தனை அறை வேணும்னாலும் இருக்கலாம், உள்ளே வர வாசல் ஒண்ணு இருக்கணும். விம் தானாகத் தேடி எடுக்கிற சொந்த ஃபைல் ஒண்ணே ஒண்ணு. மற்ற எல்லாத்தையும் அந்த ஃபைல்தான் பெயர் சொல்லிக் கூப்பிடணும்.

நான் இப்போ வெச்சிருக்கிற அமைப்பு இது:

~/.விம்/விம்ஆர்சி என்பதுதான் வாசல். ~/.விம்ஆர்சியை அழிச்சுட்டேன். வாசலில் பத்து வரிகூட இல்லை. முதலில் டிஃபால்ட்ஸ்.விம், அப்புறம் மூணு சோர்ஸ் வரிகள்:

சோர்ஸ் ~/.விம்/செட்/பொது.விம்
சோர்ஸ் ~/.விம்/செட்/கீஸ்.விம்
சோர்ஸ் ~/.விம்/செட்/லோக்கல்.விம்

பொது.விம்மில் வரி எண், தேடல், கலர். கீஸ்.விம்மில் ஷார்ட்கட்டுகள் மட்டும். லோக்கல்.விம் அந்தந்த மெஷினுக்கு மட்டும் உரியது. லேப் மெஷினில் ஃபான்ட் சின்னது, என் லேப்டாப்பில் ப்ராஜெக்ட் பாதைகள் வேற. மூன்றாவது ஃபைல் இல்லாத மெஷினில் எரர் வராமல் இருக்க, அந்த வரியை மட்டும் 'சைலன்ட்! சோர்ஸ்' என்று எழுதலாம். மற்ற ரெண்டுக்கும் அப்படி எழுதாதீங்க. அவை இல்லைன்னா எரர் வரணும், நமக்குத் தெரியணும்.

மொழிக்கு ஒரு அறை

நான் மாட்டினதோட மூலகாரணம், பைத்தானுக்கான செட்டிங்கை எல்லா ஃபைலுக்கும் போட்டதுதான். பைத்தானின் பெப் 8 நாலு ஸ்பேஸ் கேட்கும். லினக்ஸ் கெர்னலின் சி கோடு எட்டு அகல டேப் கேட்கும். மேக்ஃபைல் டேப் இல்லாமல் ஓடாது. ஒரே விதியை மூணுக்கும் போட முடியாது.

இதுக்கென்றே விம்மில் ஒரு ஃபோல்டர் உண்டு: ~/.விம்/ஆஃப்டர்/எஃப்டிப்ளகின்/. அதில் ஃபைல் வகையோட பெயரில் ஒரு ஃபைல் போடுங்க: பைத்தான்.விம், சி.விம், மேக்.விம். அந்த வகை ஃபைலைத் திறக்கும்போது மட்டும், விம்மோட சொந்த செட்டிங் ஓடி முடிச்ச பிறகு இது ஓடும். கடைசியாக ஓடுவது ஜெயிக்கும் என்று பார்த்தோமே, அதனால் உங்க விருப்பம் நிற்கும்.

உள்ளே எழுதும்போது 'செட்' வேண்டாம், 'செட்லோக்கல்' என்று எழுதுங்க. இல்லைன்னா பைத்தான் ஃபைலைத் திறந்துட்டு, அதே விம்மில் அடுத்ததாக ஒரு டெக்ஸ்ட் ஃபைலைத் திறந்தால் அதுக்கும் அந்த செட்டிங் ஒட்டிக்கும். இந்த ஃபோல்டர் வேலை செய்ய ஃபைல்டைப் ப்ளகின் ஆன் ஆகியிருக்கணும், டிஃபால்ட்ஸ்.விம்மைக் கூப்பிட்டிருந்தால் அது தானாக ஆகியிருக்கும்.

வேலைக்கு ஒரு செட்டிங் வேணும்னா

சில நேரம் முழுசா வேற செட்டிங் தேவைப்படும். டெமோ காட்டும்போது பெரிய, எளிமையான தோற்றம்; புது ப்ளகினை சோதிக்கும்போது தனி இடம். இதுக்கு ஃபைல்களைப் பெயர் மாற்றி மாற்றி வைக்கிற பழக்கம் வேண்டாம். எந்த ஃபைல் என்று வெளிப்படையாகச் சொல்லுங்க:

விம் -யூ ~/.விம்/டெமோ.விம்

இதில் 'யூ' சின்ன எழுத்து. இந்தக் கட்டளையில் ரெண்டு பொறி இருக்கு.

ஒண்ணு: இப்படித் திறந்தால் 'கம்பேட்டிபிள்' என்ற பழைய வி-எடிட்டர் மோட் ஆன் ஆகிடும். அன்டூ மாதிரி சில விஷயங்கள் விசித்திரமாக நடக்கும். அதனால் டெமோ.விம்மின் முதல் வரி 'செட் நோகம்பேட்டிபிள்' ஆக இருக்கட்டும்.

ரெண்டு: விம்ஆர்சி மட்டும்தான் மாறும். ~/.விம்/ப்ளகின்/ ஃபோல்டரில் இருப்பவை இப்பவும் ஓடும். அதுவும் வேண்டாம்னா முன்னாடி பார்த்த --க்ளீன் ஒரு வழி.

தினமும் அடிக்க சலிப்பாக இருந்தால், பேஷ்ஆர்சியில் 'விடெமோ' மாதிரி ஒரு ஏலியஸ் போட்டுக்கோங்க. பெயரைப் பார்த்தாலே எந்த செட்டிங் என்று தெரியணும், அவ்ளோதான்.

வேற எடிட்டர் யூஸ் பண்றவங்களுக்கு

நியோவிம்: init.lua என்ற லூவா ஃபைல், பழைய விம் மொழி ஃபைல் என்று ரெண்டு விதமான இனிட் ஃபைல்களை ஏற்கும். ரெண்டையும் ஒரே ஃபோல்டரில் வைத்தால் முரண்பாடு என்று எரர் காட்டும். விம் மாதிரி கமுக்கமாக ஒண்ணை விட்டுடாது. 2023-ல் வந்த 0.9 வெர்ஷனிலிருந்து என்விம்_ஆப்நேம் என்ற என்விரான்மென்ட் வேரியபிள் உண்டு. முழுக்கப் பெரிய எழுத்தில் அதை வேற பெயருக்கு செட் பண்ணித் திறந்தால், செட்டிங், ப்ளகின், கேஷ் எல்லாத்துக்கும் அந்தப் பெயரில் தனித்தனி ஃபோல்டர் எடுத்துக்கும். ஒரே மெஷினில் ரெண்டு நியோவிம் இருக்கிற மாதிரி.

ஈமாக்ஸ்: இங்கேயும் என் கதை நடக்கும். ~/.ஈமாக்ஸ் இருந்தால் ~/.ஈமாக்ஸ்.டி ஃபோல்டருக்குள் இருக்கிற இனிட் ஃபைலைப் படிக்காது. 2023-ல் வந்த 29-ம் வெர்ஷனிலிருந்து --இனிட்-டைரக்டரி என்று கொடுத்து வேற ஃபோல்டரைக் காட்டலாம். சுத்தமாகத் திறக்க, கோடு போட்டு பெரிய எழுத்தில் 'க்யூ'.

விஎஸ் கோட்: யூசர் செட்டிங் ஒண்ணு, ப்ராஜெக்ட்டுக்குள் இருக்கிற வொர்க்ஸ்பேஸ் செட்டிங் ஒண்ணு. ரெண்டும் மோதினால் வொர்க்ஸ்பேஸ் ஜெயிக்கும். தனித்தனி வேலைக்கு ப்ரொஃபைல் வசதி இருக்கு.

மூணிலும் கேள்வி அதேதான்: எந்த ஃபைலைப் படிச்சது, எது கடைசியில் ஜெயிச்சது?

அடுத்தவர் ஃபைலை வாங்கும்போது

சீனியர் கொடுத்தது, இணையத்தில் கிடைத்தது என்று முழு ஃபைலையும் அப்படியே போடாதீங்க. அது ப்ரோக்ராம் என்று சொன்னேனே! உங்க அக்கவுன்ட்டில், உங்க அனுமதியோட ஓடும். 2019-ல் விம்மில் ஒரு பாதுகாப்பு ஓட்டை வெளியானது: டெக்ஸ்ட் ஃபைலுக்குள்ளே எழுதப்படும் 'மோட்லைன்' என்ற செட்டிங் வரி வழியாக, ஃபைலைத் திறந்தாலே வேண்டாத கட்டளைகளை ஓட்ட முடிந்தது. 8.1.1365 பேட்ச்சில் அதை அடைச்சாங்க. ஒரு வரி செட்டிங்கே அவ்வளவு செய்யும்னா, முன்னூறு வரியைப் படிக்காமல் போடுவது எப்படி? ஒவ்வொரு வரியாகப் படிச்சு, புரிஞ்சதை மட்டும் உங்க ஃபைலில் சேருங்க. புரியாத ஆப்ஷனுக்கு ':ஹெல்ப்' போட்டு அதன் பெயரைக் கொடுத்தால் விளக்கம் வரும்.

உங்க ~/.விம்/ ஃபோல்டரை கிட் ரெபாசிட்டரி ஆக்கிடுங்க. வாசலே அந்த ஃபோல்டருக்குள் இருப்பதால் சிம்லிங்க் கூடத் தேவையில்லை. புது மெஷினில் ஒரு க்ளோன் போதும். லோக்கல்.விம்மை மட்டும் கிட்இக்னோரில் போடுங்க. நேத்து வேலை செஞ்சது இன்னிக்கு செய்யலைன்னா, 'கிட் டிஃப்' பார்த்தால் என்ன மாறினது என்று தெரிஞ்சிடும்.

செஞ்சு பாருங்க

1. ':எக்கோ $மைவிம்ஆர்சி' அடிச்சு உங்க வாசல் எது என்று பாருங்க. பிறகு ஹோம் ஃபோல்டரில் 'எல்எஸ் -ஏ' போட்டு வேற விம்ஆர்சி ஒளிஞ்சிருக்கா என்று தேடுங்க. இருந்தால் தேவையானதை எடுத்துட்டு அதை அழிச்சிடுங்க.

2. ஒரு மேக்ஃபைலைத் திறந்து ':வெர்போஸ் செட் எக்ஸ்பேண்ட்டேப்?' கேளுங்க. அதே கேள்வியை ஒரு பைத்தான் ஃபைலில் கேளுங்க. ரெண்டு பதிலும் ஒரே மாதிரி இருந்தால் உங்க ஃபைல்டைப் ப்ளகின் தூங்குது என்று சந்தேகப்படலாம்.

3. ஆஃப்டர் ஃபோல்டரில் மேக்.விம் உருவாக்கி 'செட்லோக்கல் நோஎக்ஸ்பேண்ட்டேப்' எழுதுங்க. ஒரு வரிதான்.

மூணும் சேர்ந்து பத்து நிமிஷம் ஆகும். ரிவ்யூவுக்கு முந்தின ராத்திரி செய்யாதீங்க, இன்னிக்கே செய்யுங்க. எங்க ரீ-ரிவ்யூவில் சென்சார் ஒழுங்காக ரீடிங் கொடுத்தது. டீம்மேட் கிட்ட நான் சாரி சொன்னப்போ அவங்க சொன்னது: "அடுத்த ப்ராஜெக்ட்ல மேக்ஃபைலை நான் எழுதறேன்." அவங்க யூஸ் பண்றது நேனோ எடிட்டர்.